பற்றவைப்புக் கம்பியைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம்?

அறுந்துபோன சங்கிலி ஒன்றைப் பொற்கொல்லர் பற்றவைப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் கைக்குக் கிடைத்த பொடியை எடுத்து வைத்து ஊதிவிடுவதில்லை. பொன்னின் மாற்று என்ன என்பதை முதலில் அறிந்து கொள்கிறார். அதற்கு ஏற்ற பொடியைத் தேர்ந்தெடுத்து, வெண்காரம் சேர்த்து, அளவான சூட்டில் ஊதுகிறார். பொடி தவறினால் பற்றிய இடம் நிறம் மாறும். அல்லது சில நாட்களில் மீண்டும் அறுந்துவிடும்.

பொன்னுக்குக் காட்டும் இந்த அக்கறையை நாம் இரும்புக்குக் காட்டுவதில்லை. டிராக்டர் டிரெய்லரின் கொக்கி விரிசல் கண்டால், "பட்டறைக்குப் போய் வெல்டிங் வைத்துக் கொண்டு வா" என்று ஆளை அனுப்பிவிடுகிறோம். எந்தக் கம்பியால் பற்றவைத்தார்கள், அந்தக் கம்பி அந்த இரும்புக்குப் பொருந்துமா என்று எவரும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் கொக்கியை நம்பித்தான் பல டன் கரும்பு சாலையில் செல்கின்றது. அந்தப் பாரத்தின்மேல் நம் ஊர் ஆட்களும் அமர்ந்து செல்கின்றனர்.

விவசாயிகளுக்கு மட்டுமன்று, பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் இவ்விஷயம் அவசியமானது. நீர்த்தேக்கத் தொட்டியின் ஏணி, பள்ளிக்கூடத்தின் வாயிற்கதவு, குழந்தைகள் விளையாடும் ஊஞ்சல், குப்பை வண்டி, சந்தைக் கொட்டகையின் கூரைச்சட்டம் ஆகிய யாவும் பற்றவைப்பினால் நிற்பவை. பொதுப்பணத்தில் செய்யப்படும் வேலையின் தரத்தை அளந்து பார்க்க உறுப்பினர்களுக்குச் சிறிதளவாவது இத்தொழிலைப் பற்றிய அறிவு வேண்டும். அந்த அறிவைத் தருவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

முறை எத்தகையது?

நம் பட்டறைகளில் நெடுங்காலமாக வழங்கிவருவது கை ராடு கொண்டு பற்றவைக்கும் முறை. ராடின்மேல் பூசிய மருந்து எரிந்து புகையாகவும் கசடாகவும் மாறி, உருகிய இரும்பைக் காற்றினின்றும் காக்கிறது. இன்று பல சிற்றூர்ப் பட்டறைகளிலும் வேறொரு முறை பரவிவிட்டது. 'மிக் வெல்டிங்' என்றும் 'சி.ஓ.டூ வெல்டிங்' என்றும் தொழிலாளர்கள் இதனை அழைக்கின்றனர். வாயுக் காப்பு மின்வில் பற்றவைப்பு என்று நாம் கூறலாம்.

இம்முறையில் மெல்லிய கம்பி ஒரு சுருளில் சுற்றப்பட்டிருக்கும். பொறியில் உள்ள சிறு சக்கரங்கள் அக்கம்பியை இடைவிடாது தள்ளிக்கொண்டே இருக்கும். கம்பியின் நுனிக்கும் வேலைப் பொருளுக்கும் இடையே மின்வில் எரிகின்றது. கம்பியே உருகி இணைப்பில் நிறைகின்றது. அதே துப்பாக்கியின் வாயிலிருந்து வெளிவரும் வாயு, உருகிய குழம்பை மூடிக் காக்கின்றது. 1948-ஆம் ஆண்டு அமெரிக்காவில் அலுமினியத்தை இணைப்பதற்காக இம்முறை உருவாக்கப்பட்டது. அப்பொழுது விலை மிகுந்த வாயுக்களே பயன்பட்டன. 1953-இல் சோவியத் நாட்டு அறிஞர்கள் கரியமில வாயுவைக் கொண்டே இரும்பைப் பற்றவைக்கலாம் என்று காட்டினர். அதன் பின்னரே இம்முறை மலிவாகி எங்கும் பரவியது.

ராடை அடிக்கடி மாற்ற வேண்டுவதில்லை; கசடைத் தட்டியெடுக்கும் வேலையும் குறைவு; வாங்கிய கம்பியில் பெரும்பகுதி இணைப்பிலேயே சேருகின்றது. ஆதலின் வேலை விரைவாக முடிகின்றது. ஆனால் ராடின் மருந்து செய்துவந்த காவலை இங்கே வாயுவும் கம்பியும் பங்கிட்டுக் கொள்கின்றன. அதனால்தான் கம்பியைத் தேர்ந்தெடுப்பது முக்கியமாகின்றது.

கம்பியில் கலந்துள்ள காவலர்கள்

கரியமில வாயு காற்றை விலக்கும் என்பது உண்மை. எனினும் மின்வில்லின் கடுஞ்சூட்டில் அவ்வாயுவே பிரிந்து பிராணவாயுவை வெளிவிடுகின்றது. அந்தப் பிராணவாயு உருகிய இரும்பில் உள்ள கரியோடு கூடி மீண்டும் ஒரு வாயுவாகின்றது. இரும்பு விரைவாக இறுகுவதால் அவ்வாயு வெளியேற வழியின்றி உள்ளே சிக்கிக்கொள்ளும். ஆப்பத்தின் நடுவே காணப்படும் துளைகளைப் போன்ற துளைகள் இணைப்பினுள்ளே தோன்றும். பார்வைக்குத் திடமாக இருக்கும் அவ்விணைப்பு பாரத்தைத் தாங்காது.

இத்தீங்கைத் தடுக்கவே கம்பியில் சிலிக்கனும் மாங்கனீசும் கலக்கப்படுகின்றன. இவை இரண்டும் இரும்பைக் காட்டிலும் பிராணவாயுவின்மேல் பற்று மிகுந்தவை. கரியை முந்திக்கொண்டு இவை பிராணவாயுவைப் பிடித்துக் கசடாகி மேலே மிதந்து வந்துவிடும். பற்றவைத்த வரியின்மீது ஆங்காங்கே கண்ணாடி போன்ற பழுப்புச் சில்லுகள் ஒட்டியிருப்பதைக் காண்கிறோமல்லவா? அவையே தம் கடமையை முடித்துவிட்ட சிலிக்கனும் மாங்கனீசும் ஆகும். வண்ணம் பூசுமுன் அச்சில்லுகளைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். இல்லையெனில் வண்ணம் அவற்றோடு உதிர்ந்துவிடும்.

கம்பியின் பெயரைப் படிக்கும் முறை

கடையில் விற்கும் சுருளின்மேல் 'ஈ.ஆர்.70எஸ்-6' என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். மந்திரம் போலத் தோன்றும் இப்பெயரில் வாங்குவோர் அறியவேண்டிய செய்தி அனைத்தும் அடங்கியுள்ளது.

'ஈ.ஆர்.' என்பது, மின்சாரத்தைத் தாங்கி உருகும் கம்பியாகவும், கையால் ஊட்டும் ராடாகவும் அது பயன்படும் என்பதைக் குறிக்கும். '70' என்பது வலிமை. ஒரு சதுர அங்குலத்திற்கு 70,000 பவுண்டு இழுவிசையையேனும் பற்றிய உலோகம் தாங்கும் என்பது பொருள். மெட்ரிக் அளவில் இது சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 480 நியூட்டன். சில பெட்டிகளில் 70 என்பதற்குப் பதில் 48 என்று இருக்கும். அஃதும் இதே வலிமையைத்தான் சொல்கின்றது. 'எஸ்' என்பது உள்ளீடற்ற குழல் அன்று, திண்மையான கம்பி என்பதைக் காட்டும். கடைசியில் உள்ள '6' கலவையின் எண்ணாகும்.

ஆறாம் எண் கம்பியில் மாங்கனீசு நூற்றுக்கு 1.40 முதல் 1.85 பங்கு வரையிலும், சிலிக்கன் 0.80 முதல் 1.15 பங்கு வரையிலும் உண்டு. மூன்றாம் எண் கம்பியில் மாங்கனீசு 0.90 முதல் 1.40 வரை, சிலிக்கன் 0.45 முதல் 0.75 வரை. ஆக, ஆறாம் எண்ணில் காவலர் மிகுதி. மூன்றாம் எண்ணில் குறைவு. நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய புதுத் தகட்டை, ஆர்கான் வாயுவில் நூற்றுக்கு 20 அல்லது 25 பங்கு கரியமில வாயு கலந்து பற்றவைப்பதாயின் மூன்றாம் எண்ணே போதும். நம் கிராமத்துப் பட்டறைக்கு வரும் இரும்போ மழையில் நனைந்து துருவேறியது. சேறும் எண்ணெயும் படிந்தது. அத்துடன் அங்கே பயன்படுவது பெரும்பாலும் தனிக் கரியமில வாயு. ஆகவே நமக்கு ஏற்றது ஆறாம் எண்ணே. காவலர் மிகுந்த கம்பி என்பதற்காகத் துருவைத் தேய்க்காமலே பற்றவைக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒருபிடி உப்பை மிகுதியாகப் போட்டால் ஊசிய குழம்பு நல்லதாகிவிடுவதில்லை.

நம் நாட்டில் கட்டடத்திற்கும் வண்டிக்கும் பயன்படும் சாதா இரும்பின் தரம் ஐ.எஸ்.2062 என்ற விதியில் வகுக்கப்பட்டுள்ளது. அதில் பெரிதும் வழங்கும் ஈ250 என்ற வகை சதுர மில்லிமீட்டருக்கு 410 நியூட்டன் இழுவிசையேனும் தாங்க வேண்டும். கம்பியோ 480 தாங்குகின்றது. எனவே ஆங்கிள், சேனல், தகடு, பட்டை ஆகிய சாதா இரும்பு வேலைகளுக்கு இதைவிட வலிமையான கம்பி வேண்டுவதில்லை. "இன்னும் உறுதியான கம்பி" என்று சொல்லி விலை உயர்ந்ததை விற்பவரிடம் நாம் மயங்கவேண்டாம். வலிமை மிகுந்தால் பல வேளைகளில் வளைந்து கொடுக்கும் குணம் குறையும், விரிசலுக்கு இடமாகும்.

ஒரு டிரெய்லர் கற்பித்த பாடம்

பெயர் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதை நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சி உணர்த்தியது. ஓர் ஊரில் கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்று வாய்க்கால் பாலத்தின் ஏற்றத்தில் டிராக்டரிலிருந்து கழன்று பின்னோக்கி உருண்டு வரப்பில் சாய்ந்தது. பாரத்தின்மேல் இருந்த இரு தொழிலாளர்களும் குதித்துத் தப்பினர். கொக்கியைத் தாங்கும் தகடு பற்றிய இடத்தோடு பெயர்ந்திருந்தது. அதைப் பற்றவைத்து ஒரு மாதங்கூட ஆகவில்லை.

பற்றவைத்த வரி பார்வைக்கு மிக அழகாக இருந்தது. அடுக்கி வைத்த நாணயங்களைப் போல ஒழுங்காக அமைந்திருந்தது. கம்பியும் ஆறாம் எண் கம்பியே. துளைகளும் இல்லை. பின் ஏன் பெயர்ந்தது? உடைந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. 12 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டின் ஓரத்தில், அதனை வெட்டியபோது விழுந்த கோடுகள் அழியாமல் அப்படியே இருந்தன. அதாவது தகடு உருகவே இல்லை. கம்பி மட்டும் உருகி அதன்மேல் படிந்து, சுவரில் அப்பிய களிமண் காய்ந்து பெயர்வது போலப் பெயர்ந்துவிட்டது.

சன்னல் கம்பிகளும் கதவுத் தகடுகளும் செய்யும் சிறு பொறியில், 0.8 மில்லிமீட்டர் கம்பியைக் கொண்டு குறைந்த மின்னோட்டத்தில் அவ்வேலை செய்யப்பட்டிருந்தது. பட்டறைக்காரர் ஏமாற்ற எண்ணவில்லை. வரி அழகாக விழுந்தால் வேலை நன்றாயிற்று என்று அவர் நம்பினார். கை ராடு வேலையில் சூடு போதாவிட்டால் ராடு ஒட்டிக்கொண்டு தொழிலாளியை எச்சரிக்கும். இம்முறையில் அந்த எச்சரிக்கை இல்லை. சூடு போதாதபோதும் கம்பி மென்மையாக உருகி விழுந்துகொண்டே இருக்கும். இம்முறையின் பெருங்குறை இதுவே என்பதை ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும்.

கம்பியின் கனம்

கம்பியின் குறுக்களவைத் தகட்டின் கனத்தை ஒட்டியே தீர்மானிக்க வேண்டும். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை கனமுள்ள தகட்டிற்கு 0.8 மில்லிமீட்டர் கம்பி பொருந்தும். 3 முதல் 6 வரை 1.0 மில்லிமீட்டர் கம்பியும், அதற்கு மேற்பட்ட கனத்திற்கு 1.2 மில்லிமீட்டர் கம்பியும் ஏற்றவை. இது பொதுவான வழிகாட்டியே. அனுபவமுள்ள தொழிலாளி ஒரு படி முன்பின்னாக மாற்றிக்கொள்வார்.

மின்னோட்டத்திற்கும் எளிய கணக்கு ஒன்று உண்டு. மெல்லிய தகடுகளுக்கு, கனத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஏறக்குறைய 40 ஆம்பியர் என்று கொள்ளலாம். 3 மில்லிமீட்டர் தகட்டிற்கு 120 ஆம்பியர் ஆகும். 5 மில்லிமீட்டருக்கு மேல் இக்கணக்கை அப்படியே நீட்டுவதில்லை. ஓரத்தைச் சாய்வாகத் தேய்த்துப் பள்ளமாக்கி, 200 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பல வரிகள் இடுவார்கள். வீட்டு மின்சாரத்தில் இயங்கும் சிறு பொறிகள் பலவற்றுக்கு அத்தகைய ஆற்றல் இல்லை. அவ்வாறாயின் டிரெய்லர் கொக்கி போன்ற பாரம் தாங்கும் வேலையைப் பெரிய பொறி உள்ள பட்டறைக்குக் கொண்டு செல்வதே அறிவுடைமை. அல்லது நன்கு உலர்த்திய 7018 வகைக் கை ராடைக் கொண்டு, தேர்ந்த தொழிலாளியிடம் செய்வித்துக் கொள்ளலாம். புதிய முறை என்பதற்காகவே அது எல்லா இடத்திலும் சிறந்ததாகிவிடாது.

உலோகத்திற்கு ஏற்ற கம்பி

இனத்தோடு இனம் சேரும் என்பது பற்றவைப்புக்கும் பெரும்பாலும் பொருந்தும் விதி. ஆனால் விலக்குகளும் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

எவர்சில்வர்: பால் பாத்திரங்களுக்கும் குடிநீர்த் தொட்டிகளுக்கும் பெரிதும் பயன்படுவது 304 என்னும் வகை. இதற்கு ஏற்றது 'ஈ.ஆர்.308எல்' கம்பி. 316 வகைக்கு 'ஈ.ஆர்.316எல்'. இறுதியில் உள்ள 'எல்', கரி மிகக் குறைவு, அதாவது நூற்றுக்கு 0.03 பங்குக்கு மேற்படாது என்பதைக் குறிக்கும். கரி மிகுந்தால் அது குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். பற்றிய இடத்தின் அருகே துருப்பிடிக்கத் தொடங்கும். இக்காரணத்தாலேயே எவர்சில்வருக்குத் தனிக் கரியமில வாயுவைப் பயன்படுத்தலாகாது. அவ்வாயுவிலிருந்தே கரி உள்ளே புகுந்துவிடும். நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு பிராணவாயு அல்லது கரியமில வாயு கலந்த ஆர்கானே தக்கது.

எவர்சில்வரைச் சாதா இரும்போடு இணைக்கவேண்டி வந்தால் இரண்டின் கம்பியும் உதவா. சாதாக் கம்பியைப் பயன்படுத்தினால் இணைப்பு கடினமாகி விரிசல் காணும். 308 கம்பியும், இரும்பு கலந்து நீர்த்துப்போவதால், அதே நிலையை அடையக் கூடும். குரோமியமும் நிக்கலும் மிகுதியாக உள்ள 'ஈ.ஆர்.309எல்' கம்பியே இக்கலப்பைத் தாங்கும். தொட்டியின் எவர்சில்வர் உடலை இரும்புக் கால்களோடு இணைக்கும்போது இதனை மறத்தலாகாது.

அலுமினியம்: இதற்குத் தனி ஆர்கான் வாயு வேண்டும், கரியமில வாயு சிறிதும் கூடாது. 'ஈ.ஆர்.4043' கம்பியில் நூற்றுக்கு 5 பங்கு அளவில் சிலிக்கனும், 'ஈ.ஆர்.5356' கம்பியில் அதே அளவில் மக்னீசியமும் உண்டு. முன்னது நன்கு பாய்ந்து நிறையும், விரிசல் குறைவு. பின்னது வலிமை மிகுந்தது. ஆனால் இடைவிடாது 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் இருக்கும் பொருள்களுக்கு ஆகாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேல் படிந்துள்ள மெல்லிய ஆக்சைடுப் படலமோ 2,000 டிகிரிக்கு மேல்தான் உருகும். எனவே பற்றவைக்குமுன் எவர்சில்வர்த் தூரிகையால் அப்படலத்தை நீக்க வேண்டும். இரும்பைத் தேய்த்த தூரிகையை இதற்குப் பயன்படுத்தலாகாது.

வார்ப்பிரும்பு: பம்பின் உறையும் பழைய எஞ்சின் பாகங்களும் பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனவை. இதில் நூற்றுக்கு 2.5 முதல் 4 பங்கு வரை கரி உண்டு. ஆறாம் எண் கம்பியால் பற்றவைத்தால் அக்கரி இணைப்பில் கலந்து கண்ணாடிபோல் கடினமாக்கிவிடும். ஆறும்போதே 'டிக்' என்ற ஒலியுடன் விரிசல் விடும். நிக்கல் கலந்த ராடு அல்லது கம்பியைப் பயன்படுத்தி, சிறு சிறு வரிகளாக இட்டு, மெல்ல ஆறவிட வேண்டும். பித்தளை வைத்துப் பற்றவைக்கும் பழைய முறையும் இவ்விடத்தில் நன்றாகவே பயன்படும்.

கடினமான எஃகு: ரொட்டவேட்டர் கத்தி, வில் பட்டை, அச்சு ஆகியவை பதம் கொடுத்துச் செய்யப்பட்டவை. பற்றவைக்கும் சூட்டில் அப்பதம் கெட்டுவிடும். இவை உடைந்தால் புதியதை வாங்கி மாட்டுவதே நலம். மண்ணில் உரைந்து தேயும் கொழு முனையின்மேல் பூசுவதற்கென்று கரியும் குரோமியமும் மிகுந்த கடினக் கம்பிகள் உள்ளன. அவை தேய்மானத்தைத் தடுக்கும். ஆனால் அவற்றால் இட்ட வரியில் இயல்பாகவே நுண்ணிய விரிசல்கள் தோன்றும். ஆதலின் பூச்சுக்குரிய அக்கம்பியைப் பாரம் தாங்கும் இணைப்புக்கு ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

துத்தநாகம் பூசிய குழாய்: ஜி.ஐ. குழாயைப் பற்றவைக்கும்போது துத்தநாகம் ஆவியாகி இணைப்பில் துளைகளை உண்டாக்கும். அப்புகையைச் சுவாசிப்போருக்கு இரவில் குளிர்காய்ச்சல் காணும். எனவே இணைப்பின் இருபுறமும் பூச்சைத் தேய்த்து நீக்கிவிட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் பற்றவைத்து, பின்னர் துத்தநாக வண்ணம் பூசவேண்டும்.

ஆடிக் காற்றும் வாயுக் காப்பும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நம் பழமொழி. அம்மியே பறக்குமாயின் வாயுத்திரை என்னாகும்? மணிக்கு 8 கிலோமீட்டர் வேகமுள்ள இளங்காற்றே காப்பு வாயுவை விலக்கிவிடப் போதுமானது. வெயிற்காலத்தில் தொழிலாளியின் பின்னே சுழலும் மின்விசிறியும் இதே தீங்கைச் செய்யும். திறந்த வெளியில் வேலை செய்யும்போது தட்டியோ தார்ப்பாயோ கட்டி மறைக்க வேண்டும். மறைக்க இயலாத இடங்களுக்கு உள்ளே மருந்து நிறைத்த குழற்கம்பிகள் கிடைக்கின்றன.

இவற்றிலும் வகை அறிந்து வாங்குதல் வேண்டும். 'ஈ71டி-1' என்ற கம்பிக்கு உள்ளே மருந்து இருந்தாலும் வெளியே வாயுவும் வேண்டும். 'ஈ71டி-11' கம்பிக்கு வாயு வேண்டுவதில்லை. பல வரிகளும் இடலாம். வாயுவின்றி இயங்கும் சிறு பொறிகளுடன் 'ஈ71டி-ஜி.எஸ்.' என்னும் கம்பியும் வருவதுண்டு. அஃது ஒரே வரியில் முடியும் மெல்லிய தகட்டு வேலைக்கு மட்டும் உரியது. கனத்த தகட்டில் அதனைக் கொண்டு வரிமேல் வரி இடுவது ஆபத்து. மேலும், திண்மையான கம்பியைப் பொறியின் நேர்முனையிலும், வாயு வேண்டாத இவ்விரு கம்பிகளையும் எதிர்முனையிலும் இணைக்க வேண்டும். முனையை மாற்றாமல் கம்பியை மட்டும் மாற்றினால் தெறிப்பு மிகும், இணைப்பும் கெடும்.

தொட்டியினுள்ளும் கிணற்றினுள்ளும் இறங்கி வேலை செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை: கரியமில வாயுவும் ஆர்கானும் காற்றினும் கனமானவை. அவை அடியில் தேங்கி நின்று ஓசையின்றி மூச்சை அடைக்கும். மேலே ஓர் ஆள் காவலின்றியும், புதுக் காற்றைச் செலுத்தாமலும் எவரையும் உள்ளே இறக்கலாகாது.

கம்பியைப் பேணுதல்

கம்பியின்மேல் மினுமினுக்கும் செம்புப் பூச்சு மின்சாரம் தடையின்றிப் பாயவும், துரு அணுகாமலிருக்கவும் உதவுகின்றது. அப்பூச்சு மிக மெல்லியது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரத்திலும் கடலோரக் காற்றிலும் திறந்து கிடக்கும் சுருள் விரைவில் துருவேறும். துருவில் உள்ள ஈரம் இணைப்பில் துளைகளாக மாறும்; துருத்தூள் கம்பி செல்லும் குழலை அடைத்து, கம்பி விட்டு விட்டு வரச் செய்யும்.

வேலை முடிந்ததும் சுருளைக் கழற்றிப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் மூடி வைக்க வேண்டும். வாங்கும்போது உறை கிழியாததையும், பெயரும் குறுக்களவும் தெளிவாக அச்சிட்டுள்ளதையும் பார்த்து வாங்க வேண்டும். வெள்ளைத் துணியால் கம்பியைத் துடைத்துப் பார்க்கலாம். துணியில் செந்துரு படிந்தால் அச்சுருளை விலக்குக. துப்பாக்கியின் நுனியில் உள்ள செம்புத் துளையும், தள்ளும் சக்கரத்தின் பள்ளமும் கம்பியின் அளவோடு ஒத்திருக்க வேண்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

பஞ்சாயத்தார் செய்யத் தக்க சோதனை

பற்றவைப்பின் தரத்தை அறிய எப்போதும் ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. ஒரு சுத்தியலும் இரு தகட்டுத் துண்டுகளும் பெரும்பாலும் போதும். செய்யப்போகும் வேலைக்குரிய அதே கனமுள்ள துண்டு ஒன்றைப் படுக்க வைத்து, மற்றொன்றை அதன்மேல் செங்குத்தாக நிறுத்துக. அதே கம்பி, அதே பொறி, அதே தொழிலாளியைக் கொண்டு ஒரு புறம் மட்டும் பற்றவைக்கச் சொல்லுக. ஆறிய பின், நிற்கும் துண்டைப் பற்றிய பக்கமாகச் சாயும்படி சுத்தியலால் அடித்து மடக்குக.

துண்டு உடையாமல் படிந்துவிட்டால் மகிழ்ச்சி. உடைந்தால் உடைந்த முகத்தை உற்று நோக்குக. மூலையின் அடிவரை இரும்பு உருகிச் சேர்ந்திருக்க வேண்டும். தகட்டின் பழைய ஓரம் மாறாமல் தெரிந்தால் சூடு போதவில்லை அல்லது கம்பி மெல்லியது என்று அறிக. துளைகள் தெரிந்தால் துரு, ஈரம், காற்று ஆகிய மூன்றில் ஒன்றைத் தேடுக. வேலை தொடங்குமுன் ஒரு நாழிகை செலவிட்டு இதனைச் செய்தால், பின்னர் நேரக்கூடிய பெரும் நஷ்டத்தைத் தடுக்கலாம். அந்த டிரெய்லரின் தகட்டிற்கு இச்சோதனையைச் செய்திருந்தால், குறை பட்டறையிலேயே வெளிப்பட்டிருக்கும்.

மேலும், மதிப்பீட்டிலும் ஒப்பந்தத்திலும் "வெல்டிங் செய்து பொருத்துதல்" என்ற ஒரே சொற்றொடரோடு நின்றுவிடாமல், கம்பியின் பெயர், குறுக்களவு, வாயு, தகட்டின் கனம் ஆகிய நான்கையும் எழுதச் செய்க. எழுதிய பின்னரே கேட்க உரிமை உண்டாகும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. எந்த உலோகம் என்பதை முதலில் அறிக, கம்பி பிறகு.

2. சாதா இரும்பும் கரியமில வாயுவும் ஆயின், ஆறாம் எண் கம்பி.

3. தகட்டின் கனத்திற்கு ஏற்றபடி கம்பியின் கனமும் மின்னோட்டமும் அமைக.

4. துரு, எண்ணெய், வண்ணம், ஈரம் ஆகியவற்றை நீக்கிய பின்னரே பற்றவைக்க.

5. காற்றை மறைக்க, இயலாதபோது அதற்குரிய குழற்கம்பியை முனை மாற்றிப் பயன்படுத்துக.

6. வரியின் அழகை நம்பாமல் உடைத்துப் பார்த்துத் தெளிக.

நம் ஊர் இளைஞர்கள் பலர் தொழிற்பயிற்சி நிலையங்களில் பற்றவைப்புத் தொழிலைக் கற்றுத் திரும்புகின்றனர். அவர்களிடம் கைத்திறன் உண்டு. "எந்தக் கம்பி? ஏன்?" என்று கேட்கும் வாடிக்கையாளர் இருந்தால்தான் அத்திறன் மேலும் கூர்மையடையும். கேள்வி கேட்பது தொழிலாளியை ஐயுறுவதாகாது; அவர் தொழிலை மதிப்பதே ஆகும். அடுத்த கரும்பு வெட்டுக்கு வண்டியைப் பழுது பார்க்கும் நாளில், விவசாயப் பெருமக்கள் பட்டறைக்குத் தாமே ஒருமுறை சென்று, சுருளின்மேல் அச்சிட்ட பெயரைப் படித்துப் பார்ப்பார்களாக.